செய்மதி அண்ணை

விடியப்புறம் ஐந்தரை மணிக்கு வத்தளையில் ஒரு மனிதர் படலைக்கு வெளியே, இடது கையை நெஞ்சுக்கு நேரே மடித்து வைத்து, வானத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறார் என்றால் சூரிய நமஸ்காரம் என்று எண்ணிக் கும்பிட்டுவிடாதீர்கள். சூரியன் வர இன்னும் நேரம் இருக்கிறது. அவர் காத்திருப்பது செய்மதிக்கு. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற ஜீபிஎஸ் செய்மதிகளில் நாலாவது அவருடைய மணிக்கூட்டுக்கு அகப்பட வேண்டும். அகப்பட்டால்தான் நிற்கிற இடம் எதுவென்று மணிக்கூடு சொல்லும். நிற்பது சொந்த வீட்டுப் படலையில் என்பது அவருக்கும் தெரியும், எதிர்வீட்டு நாய்க்கும் தெரியும். ஆனாலும் மேலிடத்துச் சம்மதம் வேண்டும். சம்மதம் வந்ததும் மணிக்கூடு ஒருதரம் அதிரும், ஆள் பறப்பார்.

சம்மதம் வர முன் எடுத்து வைத்த அடி கணக்கில் சேராது. கணக்கில் சேராத நடையை அவர் நடப்பதில்லை. ஒருநாள் சூன் பாண் ஓட்டோ, பீத்தோவனின் அந்த ஒரே மெட்டை ஒலித்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மனைவி குசினியிலிருந்து, "இஞ்சாருங்கோ, பாண்காரன் போறான்!" என்று கத்துகிறார். இவர் மடித்த கையோடு நிற்கிறார். மூன்று செய்மதிதான் வந்திருக்கிறது போலும். நாலாவது வந்தபோது பாண் மாபோலைக்குப் போய்விட்டது. அன்றைய ஓட்டம் நல்ல வேகமாக இருந்ததாகப் பிறகு சொன்னார்.

ஒரு தனியாளைப் பிடித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஹெந்தளையில் ஒருவர் இருக்கிறார். எலகந்தவில் இருவர். கொட்டாஞ்சேனை நெருக்கடி போதும் என்று ஆற்றைக் கடந்து இங்கே வீடு கட்டி வந்தவர்களுக்குள் அரை டசின் தேறும். வெள்ளவத்தையில் மாடிக்கு ஒருவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல், ஐம்பத்தைந்துக்குள். ஊர் யாழ்ப்பாணப் பக்கம். உத்தியோகம் கணக்கு எழுதுவது, அல்லது எழுதின கணக்கைப் பிழை பிடிப்பது. கையில் போத்தல் மூடி அளவுக்குத் தடித்த, ஐந்து பொத்தான் வைத்த, வர்ணமே இல்லாத முகமுள்ள ஒரு மணிக்கூடு. எங்கள் ஒழுங்கைக்காரர் கட்டியிருப்பது கார்மின் இன்ஸ்டிங்ட் 2எக்ஸ் சோலார். கோயிலில் சட்டையைக் கழற்றுவார், இதைக் கழற்றார். ஆடிவேல் தேருக்குப் பின்னால் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்தார். தேர் போன வேகத்துக்கு, அவர் நடப்பதை நிறுத்திவிட்டார் என்றே மணிக்கூடு முடிவு கட்டிக்கொண்டு அடிக்கடி கணக்கை நிறுத்திவிட்டது. வேலவனுக்கு அருச்சனை ஒரு பக்கம், மணிக்கூட்டுக்குப் பொத்தான் அழுத்துவது மறுபக்கம் என்று அன்றைக்கு அவருக்குச் சரியான வேலை.

இவருக்கு எதிர்க்கட்சி பக்கத்து வீட்டு மருமகன். கோட்டையில் வங்கி உத்தியோகம், கையில் அப்பிள் வோச். அது அழகான சாமான்தான். பொய் சொல்லக் கூடாது. கண்ணாடி போல மின்னும் முகம், அழைப்பு வந்தால் மணிக்கட்டோடு கதைக்கலாம், இதயத் துடிப்பை ஆஸ்பத்திரிக் கடதாசியில் வருவது போலக் கோடு கீறிக் காட்டும், ஆள் விழுந்தால் தானாகவே உறவுக்காரருக்கு அறிவிக்கும். மதிலுக்கு இருபுறமும் நின்று இவர்கள் நடத்திய விவாதத்தின் ஒரு பகுதியை நான் காதால் கேட்டேன்.

"அண்ணை, இதில வட்ஸ்அப்புக்குப் பதில் போடலாமோ?"

"தம்பி, காட்டுக்க நிண்டு ஆருக்குப் பதில் போடப் போறீர்?"

"காடு எங்கயண்ணை இருக்கு?"

அண்ணை முத்துராஜவெலச் சதுப்பு இருக்கிற திசையில் கையை நீட்டினார். மணிக்கூட்டில் திசைகாட்டி இருப்பதால் திசை சரியாகவே இருந்தது.

"சரி, நீங்கள் விழுந்தால்?"

"விழுந்தால் என்ர மனிசி சத்தம் கேட்டு வருவா."

காடு, மலை, கடல் என்று இவர் கதைப்பதைக் கேட்டால் ஏதோ கூடாரத்தில் பிறந்தவர் என்று தோன்றும். மணிக்கூடு நூறு மீற்றர் ஆழத்துத் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும். இவர் இறங்கின ஆகக் கூடிய ஆழம், மழைக்கு எங்கள் ஒழுங்கையில் நின்ற வெள்ளம், முழங்காலுக்குக் கீழே. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும். வத்தளை கடல் மட்டத்தோடு கிடக்கிற ஊர் ஆகையால் இவருடைய சிகரம் வெள்ளவத்தையில் மாமியார் வீட்டு மூன்றாம் மாடி. லிப்ட் பழுது என்றால் மற்ற மருமக்கள் முகம் சுளிப்பார்கள். இவருக்கு முகம் மலரும். தேயிலை மலைகளுக்கூடாகப் போகிற பீக்கோ நடைபாதை 22 கட்டம், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அதில் எந்தக் கட்டம் எத்தனை ஏற்றம் என்று மனப்பாடம். கதிர்காமப் பாதயாத்திரைப் பாதையையும் தேடி எடுத்து மணிக்கூட்டில் ஏற்றியாயிற்று. செல்வச்சந்நிதியில் வேலெடுத்து, வெறுங்காலோடு, ஒன்றரை மாதத்துக்கு மேலாக நடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமனையும் யாலையும் கடந்து போகிற கிழவிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு தூக்குப் பையும் திருநீற்றுப் பொட்டலமும்தான். அவர்களுக்கு ஒரு மணிக்கூடு கொடுத்தால் எவ்வளவு தரவு கிடைக்கும் என்று அண்ணை ஒருநாள் பெருமூச்சு விட்டார்.

தினப்படி ஓட்டம் ஹமில்டன் கால்வாய்க் கரையில். 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் முத்துராஜவெலச் சதுப்பின் உப்புத் தண்ணீரை வடிக்க வெட்டினது. இப்போது கொக்குக்கும் அண்ணைக்கும். அங்கே இவருக்குப் பயிற்சியாளர்கள் நாலு பேர், நாலும் தெருநாய். இதயத் துடிப்பு ஐந்தாம் வலயத்துக்கு ஏறினால்தான் பயிற்சி பலிக்கும் என்று புத்தகம் சொல்கிறதாம். இரண்டாவது வளைவில் அது தானாகவே ஏறும். ஓடி வந்து விறாந்தையில் குந்தியதும் மணிக்கூடு தீர்ப்புச் சொல்லும். ஒருநாள் "அன்புரொடக்டிவ்" என்று சொல்லிவிட்டது. பயிற்சி செய்தும் பலனில்லை என்று அர்த்தம். "என்னப்பா சொல்லுது?" என்று மனைவி கேட்டார். "உற்பத்தி இன்னும் தொடங்கேல்லையாம்," என்று மொழிபெயர்த்தார். இன்னொரு நாள், உடம்பு தேற 41 மணித்தியாலம் வேண்டும் என்று வந்தது. அதே நேரம் வாசலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வந்து இறங்கியது. மணிக்கட்டை மனைவியிடம் நீட்டிக் காட்டினார். சிலிண்டரை உள்ளே தூக்கிக்கொண்டு போனது மனைவிதான், மணிக்கூடு இல்லாத கையால்.

வெள்ளவத்தைக் கூட்டாளிக்கு வேறு துன்பம். அங்கே மெரீன் டிரைவில் ஓடினால் ஒரு பக்கம் அடுக்குமாடி, மறுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். செய்மதி அலை சுவரில் பட்டுத் தெறித்தும் வரும். தெறித்து வருவது சற்றுப் பிந்தும். பிந்தி வந்ததை நேரே வந்ததென்று நம்பினால் மணிக்கூட்டின் கணக்கு விலகும். அவருடைய பழைய மணிக்கூடு அவரைச் சில நாள் தண்டவாளத்திலும் சில நாள் கடலிலும் ஓடவிட்டது. கடலில் ஓடிய படத்தைத்தான் அவர் கனடாவில் இருக்கிற அண்ணனுக்கு அனுப்பினார். நம்முடைய ஆளின் மணிக்கூடு இரண்டு அலைவரிசையில் கேட்பது. தெறிப்பு எது, நேர் எது என்று அதற்குப் பிரித்தறிவது இலகு. ஆகவே இவர் எந்நாளும் தரையிலேயே ஓடுகிறார்.

இடத்தைத் தெளிவாகச் சொல்வதில் இவர்களுக்கு இருக்கிற ஆசையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும். ஜீபிஎஸ் அலையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலக்கித்தான் அமெரிக்க இராணுவம் கொடுத்து வந்தது. 2000ஆம் ஆண்டு மே முதலாந் திகதி கிளின்டன் உத்தரவு போட்ட பிறகுதான் தெளிந்தது. உலகத்துக்குத் தன் இடம் துல்லியமாகத் தெரியத் தொடங்கிய அந்த நாட்களில், எங்கள் அண்ணையின் இடம் பொலிசுக்கு ஏற்கனவே துல்லியமாகத் தெரியும். யாழ்ப்பாணத்தான், கொழும்பில் யார் வீட்டில், எந்த அறையில், என்ன அலுவலாக என்று எழுதி முத்திரை குத்திய பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப் பையில் இருந்தது. இந்த மணிக்கூட்டின் பெட்டியில் 'அமெரிக்க இராணுவத் தரம் 810' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியோடு அந்தக் காலத்தில் வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆள் இறங்கியிருந்தால், தேற வேண்டிய மணித்தியாலத்தை எந்த மணிக்கூடும் சொல்லியிராது. இப்போதோ அதே மனிதர், எவரும் கேட்காமலே, நொடிக்கு நொடி எங்கே நிற்கிறேன் என்று பதிந்து, வீட்டுக்கு வந்ததும் படமாகப் போட்டு எல்லாருக்கும் அனுப்புகிறார். முத்திரை மட்டும் இல்லை.

ஆனால் இவர் மணிக்கூட்டை வாங்கியது காட்டுக்கும் இல்லை, செய்மதிக்கும் இல்லை என்பது என் துணிபு. 2023இல் லண்டன் மைத்துனர் வரும்போது, "அத்தான், அப்பிள் வோச் கொண்டுவரட்டோ?" என்று கேட்டார். அண்ணை ஒரு மாதம் தவணை கேட்டு, கணினியில் அட்டவணை போட்டார். எனக்கும் காட்டினார். இருபது நிரல். பத்தொன்பது நிரலில் எழுத்து சின்னன். ஒன்று மட்டும் தடித்த எழுத்து: பற்றரி. அப்பிள் வோச் 2015இல் வந்தபோது 18 மணித்தியாலம், அதற்குப் பிறகும் பல வருடம் அதே 18. இன்ஸ்டிங்ட் 2எக்ஸ் நாற்பது நாள். அதுவும் வெயில் பட்டால் கணக்கே இல்லை. பெட்டியில் 'எல்லையற்றது' என்ற கருத்தில் போட்டிருக்கிறான், ஒரு நிபந்தனையோடு: நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம், 50,000 லக்ஸ் வெளிச்சத்தில் வெளியே இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அண்ணையின் குரல் தேவாரம் பாடுகிறவரின் குரல் போலத் தழைந்தது.

(என் கையில் கிடப்பது காசியோ எஃப்-91டபிள்யூ, 1989இல் வந்த மொடல். ஒரு பற்றரி ஏழு வருடம். இதை அண்ணையிடம் சொன்னேன். "அதில ஜீபிஎஸ் இல்லையே" என்றார். எனக்குப் போகிற இடம் தெரியும் என்று சொல்ல வந்து, அயலவர் என்பதால் விட்டேன்.)

பற்றரி என்றால் ஏன் அப்படி? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அதனால் என்று அவர் சொல்வார். பக்கத்து வீட்டு மருமகனின் கையில் கறுத்த கண்ணாடித் துண்டு ஒன்று தொங்கிய நாட்கள் அவை. ஆனால் வியாதி அதைவிடப் பழசு. 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை விழுந்தபோது இவருக்கு வயது பதின்மூன்று. தடைப் பட்டியலில் பற்றரியும் ஒன்று. ஒரு சோடி ரோச் பற்றரி வைத்திருந்த வீடு பெரிய வீடு. செத்த பற்றரியை எறிய மாட்டார்கள். மதிலில் வெயிலுக்குக் காய வைப்பார்கள், வடகம் போல. சூடேறினால் இன்னும் கொஞ்ச நேரம் மினுக்கும். அதுவும் முடிந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவது. பெரியப்பா பிபிசி தமிழோசை கேட்க, பெடல் சுற்றினது இவர். சுற்றுவது மெதுவானால் செய்தி மங்கும். மங்கினால் தலையில் குட்டு விழும். அப்படிக் குட்டு வாங்கின தலை, ஒவ்வோர் இரவும் சார்ஜில் போட வேண்டிய ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்குமா?

அவருடைய பொன்னாள் 2025 பெப்ரவரி 9. ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி தாண்டிக் கொஞ்ச நேரம். இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அனுமன் இலங்கையை ஒருமுறை கொளுத்தியது போதாதென்று இந்த முறை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. அண்ணை சிரிக்கவில்லை. வேலை வந்துவிட்டது. மணிக்கூட்டில் ஒரு சின்ன ரோச் லைற் இருக்கிறது. அதை எரித்துக்கொண்டு வெளியே வந்தார். நடுப்பகல். வத்தளை வெயில் கண்ணைப் பறிக்கிறது. எவருக்காவது இருட்டாக இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்தார். ஒருவருக்கும் இல்லை. கடைசியில் ஜன்னல் இல்லாத எங்கள் சாமான் அறையைத் திறந்துவிட்டேன். உள்ளே போய், ஒன்றையும் தேடாமல், கொஞ்ச நேரம் வெளிச்சம் அடித்துவிட்டு வந்தார்.

பிறகு செலவழித்த பற்றரியை மீட்க வேண்டுமே. மதிலில் ஏறிக் குந்தி, இடது கையை வெயிலுக்கு நீட்டிக்கொண்டு இருந்தார். மருமகன் அந்தப் பக்கமிருந்து, "அண்ணை, என்ர இருபத்திமூண்டு வீதத்தில நிக்குது," என்றார். அண்ணை தலையை மட்டும் ஆட்டினார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவருடைய அம்மா வந்தார். எண்பது தாண்டிய மனுசி. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த இரண்டு பழைய ரோச் பற்றரியை அவிழ்த்து, மகனின் கைக்குப் பக்கத்தில் மதிலில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். உருளாமல் ஒரு கல்லையும் அண்டைக்கு வைத்தார்.

"மோனை, கையை அங்கால எடு. வெயில் மறைக்குது."