பொறுமைக்கு ஒரு வாழ்த்து

காசநோய் விஷயத்தில் நம் நாடு காட்டிவரும் பொறுமையை யாராவது வாய்விட்டுப் பாராட்டியாக வேண்டும்.

முதல் மாலை நுண்ணோக்கிக்கு. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றிப் பார்க்கும் முறை அவர் காலத்தது. நம் சுகாதார நிலையங்கள் பல இன்றைக்கும் அதைக் கைவிடவில்லை. இத்தகைய விசுவாசம் எளிதில் வாய்க்காது. அந்த முறைக்கு நிதானமும் அதிகம். ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது சேரும்வரை அது யாரையும் நோயாளி என்று சொல்லாது. குழந்தைகளின் சளியிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியிலும் பெரும்பாலும் அத்தனை கிருமி இருக்காது; அவர்களுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று சீட்டெழுதி வீட்டுக்கு அனுப்பிவிடும். நோய் முற்றியதும் அவர்கள் திரும்பி வரலாம்.

அடுத்தது நோயாளியின் பொறுமை. இதைப் புகழ எனக்குச் சொற்கள் போதவில்லை. விடிந்ததும் வரும் முதல் சளியை டப்பாவில் பிடித்துக்கொண்டு மலைகிராமத்திலிருந்து இறங்கி வருகிறார். அடிவாரம் வரை நடை, அப்புறம் பஸ். அன்றைய கூலி போயிற்று. லேப் டெக்னீஷியன் லீவு என்றால் இன்னொரு நாள் கூலியும் போயிற்று. கிருமி தெரிந்தால், மருந்து கேட்குமா கேட்காதா என்று பார்க்க மறுபடி சளி கொடுக்க வேண்டும். மாதிரியைச் சுமந்து சேர்ப்பது சுகாதாரத் துறையின் வேலை. அதைத் துறையின் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, சம்பளம் கேட்காமல், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபடி செய்து முடிப்பவர் அவர்தான். இப்படி ஓர் ஊழியர் எந்தத் துறைக்கும் கிடைக்க மாட்டார்.

ஜீன்எக்ஸ்பர்ட் கருவியைச் செய்த செஃபெய்டு நிறுவனத்தின் உறுதியும் சிறிதல்ல. இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை அது எதிர்க்கிறதா என்பதையும் சொல்லிவிடும் இந்தச் சோதனையை 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தத் தொழில்நுட்பம் உருவாக, மக்கள் வரிப்பணமும் பொதுநிதியுமாக 25 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. 2012-இல் ஏழை நாடுகளுக்கு ஒரு சோதனைக்கு வேண்டிய கார்ட்ரிட்ஜின் விலை 9.98 டாலர் என்று முடிவானது. ஐந்து டாலருக்கு விற்கலாம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஆண்டுக்கணக்கில் வாதாடியது. தயாரிப்பு பெருகியது, கோவிட் வந்துபோனது; விலை மட்டும் 11 ஆண்டுகள் ஒரு சென்ட் அசையவில்லை. 2023 செப்டம்பரில்தான் 7.97 ஆனது. பரிந்துரை வந்து 13 ஆண்டுகள் கழித்து, அதே 2023-இல், உலகில் காசநோய் கண்டறியப்பட்டவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் முதல் சோதனையாக விரைவுச் சோதனை கிடைத்தது. அந்த ஆண்டு பன்னிரண்டரை லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள்.

எல்லாரையும் விட அதிகமாக வாழ்த்த வேண்டியவர்கள் வீட்டைவிட்டே வராதவர்கள். 2019-இல் தொடங்கி 2021-இல் முடிந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்று தெரிந்தது. பெரும்பாலோர் சொன்ன காரணம், ‘பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை’. இருமலுக்காக ஒரு நாள் வேலையை விட்டால் அடுப்பு எரியாத வீட்டில், இருமலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலிருக்கச் சிறுவயதிலேயே பழகிவிடுகிறார்கள். அரசுக்கு இவர்களால் ஒரு டப்பா செலவுகூட இல்லை. வரிசையில் நின்று யாரையும் தொந்தரவு செய்வதில்லை. கணக்கில் ஏறி எந்த மாவட்டத்தின் பெயரையும் கெடுப்பதில்லை.

நம் ஆட்சியாளர்களின் நிதானத்தையும் சொல்லிவிடுகிறேன். உலகம் 2030-ஐக் குறிவைத்திருந்தபோது, இந்தியா 2025-க்குள் காசநோயை ஒழிக்கும் என்று 2018 மார்ச்சில் டெல்லியில் அறிவித்தார் பிரதமர். எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் விசாரித்திருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள் என்று மேற்சொன்ன கணக்கெடுப்பே காட்டியது. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி இருக்கிறது. பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் என்ற விரைவுச் சோதனைக் கருவி கோவாவிலேயே தயாராகிறது. அதை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஏற்றுக்கொண்டது. இரண்டும் ஒரே ஜீப்பில் ஏறிவிடும். காலையில் சளி கொடுத்தவருக்கு, அவர் ஊர் ஆலமரத்தடியிலேயே, பொழுது சாய்வதற்குள் முடிவைச் சொல்லிவிடலாம். அறிகுறி இல்லாதவர்களையும் தேடிப்போய்ப் படமெடுக்கும் நூறு நாள் இயக்கம் 347 மாவட்டங்களில் தொடங்கியது 2024 டிசம்பர் 7 அன்று. இலக்கு வைத்த ஆண்டு பிறக்க அப்போது இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.