வாயைத் திறந்தால் உயிர் தப்பும்!

கேள்வி: வாய்ப்புற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எல்லாம் வேண்டுமாமே?

பதில்: முதல் சந்தேகத்துக்கு நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற இரண்டு கண்களும் போதும்! திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வு இதை நிரூபித்தது. 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 7-ல் மட்டும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய், 35 வயதைத் தொட்டவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற பட்டதாரிகள். முடிவு 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அந்த 7 பஞ்சாயத்துகளில் புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மற்ற பஞ்சாயத்துகளைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது!

நீங்களும் கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் – இவற்றில் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் போங்கள். புற்றா இல்லையா என்பதை பயாப்ஸி (சிறு திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) சொல்லிவிடும். வலிக்கவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். ஆரம்பத்தில் வாய்ப்புற்று பெரும்பாலும் வலிக்காது. புகையிலையையும் பாக்கையும் இன்றைக்கே விடுங்கள்.