பல் டொக்டருக்கு எடுக்கிறவர்

கோல்டிங்கிலோ அதைச் சுற்றியுள்ள டென்மார்க் ஊர்களிலோ தமிழர் வைக்கும் எந்தக் கொண்டாட்டத்திலும் இவரைக் காணலாம். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். உழுந்துவடையை எடுக்குமுன் கொஞ்சம் யோசிப்பார். பாயாசத்தைப் பணிவாக மறுப்பார். நாம் சிரித்தால் நம் கண்ணைப் பார்க்காமல் கடைவாயைப் பார்ப்பார். "தம்பி இப்ப என்ன செய்யிறார்?" என்று தாயிடம் கேட்டுப் பாருங்கள். கிடங்கிலோ முதியோர் இல்லத்திலோ வாரத்துக்கு 37 மணி நேரம் உழைக்கிறார் என்ற பேச்சே வராது. "பல் டொக்டருக்கு எடுக்கிறார்" என்பார். போன வருடமும் அதே பதில்தான், அதற்கு முந்திய வருடமும் அதுதான். கேட்டவர்கள் வெளியே தலையாட்டி, உள்ளே பரிதாபப்படுவது வழக்கம். அந்தப் பரிதாபம் வீண் என்பது என் கட்சி. சம்பளம் ஒரு பக்கத்தாலும் மரியாதை இன்னொரு பக்கத்தாலும் வரும்படி வாழ்க்கையை அமைத்துக்கொண்ட கெட்டிக்காரர் இவர். அந்த அமைப்பைக் குலைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இடம் கிடைத்துவிடுவது.

ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. டென்மார்க்கில் பல் மருத்துவம் கற்பிப்பவை கோப்பன்ஹேகன், ஓர்ஹூஸ் என இரண்டே பல்கலைக்கழகங்கள். ஐந்து வருடப் படிப்பு, கட்டணம் கிடையாது, போதாக்குறைக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகையும் தரும். இப்படி ஒரு படிப்பு இருந்தால் வாசலில் யார்தான் நிற்கமாட்டார்கள்? உயர்பள்ளிச் சராசரி நல்லதாக இருந்தால் ஜூலை 5க்குள் விண்ணப்பித்து முதல் ஒதுக்கீட்டில் நுழையலாம். சராசரி போதாவிட்டால், தேறிய பாடத்தை மறுபடி எழுதிக் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை. மிஞ்சுவது இரண்டாம் ஒதுக்கீடு. அதற்கு மார்ச் 15 நண்பகலுக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். அந்த வழியில் சராசரிக்கு அப்பால் சோதனை, நேர்காணல் என்று பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி ஆளை அளந்து பார்க்கும். தவறினால் அடுத்த மார்ச் இருக்கிறது. இனி விண்ணப்பப் படிவத்துக்கு வாருங்கள். அதில் எட்டு விருப்பங்களை வரிசைப்படுத்தலாம். தகுதிப்படும் விருப்பங்களில் மேலே உள்ள ஒன்றைத்தான் தருவார்கள். இவர் முதலாவதாக ஒரு பல் மருத்துவம், இரண்டாவதாக மற்றப் பல் மருத்துவம் என்று எழுதிவிட்டு ஆறு இடத்தை வெறுமையாக விடுகிறார். மூன்றாவதாகப் பல் சுகாதாரப் படிப்பைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? குறையாது, கிடைத்துவிடும். அதுதான் ஆபத்து. கிடைத்தால் "எடுக்கிறவர்" என்ற பதவி அன்றோடு பறிபோகும்.

இந்தப் பதவி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பழியைப் பிள்ளையின் தலையில் மட்டும் கட்ட முடியாது. எண்பதுகளில் இங்கு அகதிகளாக வந்த தலைமுறை, தரப்படுத்தலின் வடு ஆறாமல் வந்தது. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு கொண்டுவந்த அந்த முறையால், யாழ்ப்பாணத்தில் நல்ல புள்ளி எடுத்தவருக்கும் மருத்துவமும் பொறியியலும் கைக்கெட்டாமல் போயின. பல் மருத்துவத்துக்கோ அந்நாளில் நாடு முழுவதற்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். உயர்தரப் பரீட்சையில் முதல் ஷை, அதாவது முதல் முயற்சி, இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை, அதோடு கதவு பூட்டு. மூன்றாம் ஷையில் கதவு பூட்டப்பட்டவர், எத்தனை ஷையும் அடிக்கலாம் என்கிற நாட்டில் பிள்ளையைப் பெற்றால் அந்தப் பிள்ளையை நிற்பாட்டுவாரா? தகப்பனின் மிச்ச ஷைகளையும் சேர்த்து மகன் எடுக்கிறான். இதில் ஒரு பொருளாதார ஞானமும் கலந்திருக்கிறது. டென்மார்க்கில் குடும்ப வைத்தியரிடம் போனால் காசில்லை, ஆஸ்பத்திரியில் படுத்தாலும் காசில்லை. வளர்ந்தவர்கள் பல்லைக் காட்டினால் மட்டும் பெரும்பங்கைத் தங்கள் பையிலிருந்துதான் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு பற்சிகிச்சை பில்லும் வீட்டில் ஒரு கனவை உரம்போட்டு வளர்க்கிறது.

முழுநேர வேலைதானே படிப்பைக் கெடுக்கிறது, அதை விட்டுவிட்டு ஒரு வருடம் ஒழுங்காக இருந்து படித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு அவர்களுக்கு ஆதரவாக இல்லை. வாரத்தில் 168 மணி நேரம். வேலைக்கு 37, நித்திரைக்கு 56 போனாலும் 75 மிஞ்சும். இவர் அதை எக்ஸெல்லில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் பிரித்து வைத்திருக்கிறார். அந்த அட்டவணையைச் செப்பனிடுவதற்கே பச்சையில் கொஞ்சம் போய்விடுகிறது என்பது வேறு கதை. நேரத்தைவிடப் பெரிய உதவி ஒன்றையும் வேலை செய்கிறது: அது ஒரு காப்புறுதி. தவறினால், "வேலையும் செய்துகொண்டெல்லோ எடுத்தவர்" என்று ஊரே சொல்லும். வேலையை விட்டுவிட்டுத் தவறியவருக்கு அப்படிச் சொல்ல ஒரு நாதியும் இல்லை. ஒப்பிட, தமிழ்நாட்டில் நீட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளைப் பாருங்கள். 2022இல் உச்ச வயது வரம்பை நீக்கிவிட்டார்கள், எத்தனை தரம் எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை. சட்டப்படி அவர்களும் இவரும் ஒரே நிலைதான். ஆனால் மறுபடி எழுதும் பிள்ளை ஒரு வருடத்தை அடகுவைத்து நாமக்கல்லிலோ வேறெங்கோ பயிற்சி விடுதியில் அடைபடுகிறது. 180 கேள்வி, 720 மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழிவு. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. கோல்டிங்காரருக்குச் சம்பளத்தோடும் ஐந்து கிழமை விடுமுறையோடும் ஒரு சுவர் இருக்கிறது. காப்புறுதி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். கிடங்கில் பெட்டி அடுக்குவது கசக்கிற நாளில், இது தற்காலிகம்தானே, நான் பல் டொக்டருக்கு எடுக்கிறவன்தானே என்று மனதைத் தேற்றலாம். அதனால் சம்பள உயர்வு கேட்டுச் சண்டை பிடிக்கமாட்டார், மேற்பார்வையாளர் பதவிக்கும் போட்டியிடமாட்டார். இப்படி ஒரு தொழிலாளி எந்த முதலாளிக்குக் கசக்கும்?

ஹங்கேரிக்கோ போலந்துக்கோ போகலாமே என்பது இன்னொரு யோசனை. அங்கே ஆங்கிலத்திலேயே பல் மருத்துவம் படிக்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அந்தப் பட்டம் டென்மார்க்கிலும் செல்லும். காசு கட்டவேண்டும் என்பது வெளியே சொல்லும் காரணம். காசு கட்டினால் போகவேண்டிவரும் என்பது நான் சந்தேகிக்கும் காரணம்.

இதையெல்லாம் தமிழருக்கே உரிய வியாதி என்று முடிவுகட்டுவது அநியாயம். பள்ளி முடித்ததும் ஒன்றிரண்டு வருடம் வேலை, பயணம் என்று ஆறி இருப்பது டேனியப் பிள்ளைகளின் வழக்கம். அரசு பொறுமையிழந்து, இரண்டு வருடத்துக்குள் உயர்கல்விக்கு வருபவரின் சராசரியை 1.08ஆல் பெருக்கித் தருகிறோம் என்று ஆசைகாட்டியும் பார்த்தது. 2020இல் அந்தச் சலுகையையும் கைவிட்டது. இப்படி ஆறி இருப்பது கோல்டிங் ஊருக்கே பழக்கம். ஊர் நடுவே நிற்கும் கோல்டிங்ஹூஸ் கோட்டை 1808இல் அங்கே தங்கியிருந்த ஸ்பானியப் படைவீரர்கள் குளிருக்கு மூட்டிய தீயில் எரிந்தது. திருத்தி முடிய 1990கள் ஆகிவிட்டன. அந்த ஊரில் ஆறாவது விண்ணப்பத்தை அவசரக்குடுக்கைத்தனம் என்றுதான் சொல்லவேண்டும்.

சிலருக்குக் கிடைத்தும் விடுகிறதே என்பீர்கள். உண்மைதான். என் வாதத்தில் உள்ள ஓட்டை அது, மறைக்கவில்லை. ஜூலைக் கடைசியில் கடிதம் வரும், தாய் அழுவார், ஊர் முழுக்கத் தொலைபேசி போகும், கோயிலில் அர்ச்சனை நடக்கும். ஓகஸ்ட்டில் இவர் ஓர்ஹூஸுக்கு ரயில் பருவச்சீட்டு எடுப்பார். அதற்கு முன் மேற்பார்வையாளரிடம் போய், சனி ஞாயிறில் ஷிப்ட் ஏதும் கிடைக்குமா என்று கேட்டுவைப்பார்.