கடையெழு வள்ளல்கள்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். ஆனால் கோர் ஐ7 கம்ப்யூட்டரைப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து ஃபுல் செட்டாக அவர்களில் யாரும் கொடுத்ததில்லை. அந்தக் குறையை நம் ஆன்லைன் வியாபாரிகள் தீர்த்துவைத்துவிட்டார்கள். 'கோர் ஐ7, 16 ஜிபி ராம், 1 டிபி, கிராபிக்ஸ் கார்டு இலவசம், விண்டோஸ் 11.' பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தேடும் அப்பாவுக்கு இந்த ஒரு வரி போதும், கண் கலங்கிவிடும்.

இவர்களைப் பொய்யர் என்றால் நாக்கு அழுகிவிடும். உள்ளே இருப்பது ஐ7தான். எந்த ஐ7 என்று நீங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்லவா? கேபினெட்டைத் திறந்தால் ஐ7-860 மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். 2009-இல் வந்த சிப். பிளஸ் ஒன் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயது. இரண்டும் கூடப்பிறந்தவைபோல் வளரட்டும் என்ற நல்லெண்ணம் வேறு யாருக்கு வரும்? 4 கோர், 8 த்ரெட். 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். அது வேலையைப் பல மடங்கு வேகமாக முடிக்கும், கரண்டும் கம்மியாக இழுக்கும். ஆனால் அதன்மேல் மூன்று என்றல்லவா எழுதியிருக்கிறது! ஏழு பெரிதா, மூன்று பெரிதா என்பது எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். வாடிக்கையாளரின் கணக்கறிவை இவ்வளவு மதிக்கிற வியாபாரியை வேறெங்கே பார்ப்பது?

இலவச கிராபிக்ஸ் கார்டில்தான் அவர்களுடைய பெருந்தன்மை முழுதாகத் தெரிகிறது. அந்தக் காலத்து ஐ7-க்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. கார்டு செருகாவிட்டால் மானிட்டர் கறுப்பாகவே நிற்கும். இல்லாமல் முடியாத ஒன்றை இனாமாகத் தருவதற்கு ஒரு மனசு வேண்டும். கொடுப்பதும் ஜிடி 610. 2011-இல் ஜிடி 520 என்று வந்து, அடுத்த ஆண்டே புதுப்பெயர் சூட்டிக்கொண்ட சிப். '2 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஜிபியை எண்ணியே கார்டின் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்ற பேருண்மை இவர்களால்தான் நாடெங்கும் பரவியது.

கம்ப்யூட்டர் வந்ததும் ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை ஓட்டிப் பார்க்காதீர்கள், அது கோள்சொல்லி. ஓடிய நேரம் 30,000 மணி என்று காட்டிவிட்டால், மூன்று வருஷத்துக்கு மேல் எங்கேயோ கண் மூடாமல் உழைத்துவிட்டு வந்த டிஸ்க் அது. புது டிஸ்க்குக்கு இந்த அனுபவம் ஏது?

லேப்டாப் வள்ளல்கள் இன்னும் ஒரு படி மேல். உள்ளே 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ். போர்டோடு பற்றவைத்தது, கழற்றி மாற்றும் சிரமம் இல்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச இடமும் அதே 64தான். நாலு புரோகிராம் ஏற்றினால் அடுத்த பெரிய அப்டேட் இடம் தேடித் திணறும். அதற்காகக் கைவிடுவார்களா? ஒன்டிரைவில் ஓராண்டுக்குக் கிடைக்கும் 1 டிபியையும் கூட்டி, தலைப்பிலேயே '1 டிபி ஸ்டோரேஜ்' என்று போட்டுவிடுகிறார்கள். இடம் மைக்ரோசாஃப்ட்டுடையது, போய்வரும் டேட்டா செலவு உங்களுடையது, பெருமை அவர்களுடையது.

எஸ்எம்பிஎஸ் மேல் '450' என்று இருக்கும். பக்கத்தில் வாட் என்று எழுதியிருக்காது. எழுதினால் அல்லவா பொய்! கூடவே வரும் யுஎஸ்பி ஸ்பீக்கரில் 1,000 வாட் பிஎம்பிஓ. யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். இரண்டரையை ஆயிரமாக்கும் வித்தை மணிமேகலையின் அமுதசுரபிக்குப் பிறகு இங்கேதான் காணக் கிடைக்கிறது.

விண்டோஸ் 11 மட்டும் சும்மாவா? 2009-ஆம் வருஷத்துச் சிப்பை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தக் கல்நெஞ்சத்தை மீறி, சோதனையைத் தாண்டவைத்து ஏற்றித் தந்திருக்கிறார்கள். திரையின் வலது மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலாக ஓர் எழுத்து நிற்கும், அவ்வளவுதான். ஐந்து நட்சத்திரம் போட்டுப் படத்தோடு ரிவ்யூ எழுதினால் நூறு ரூபாய் கேஷ்பேக் என்று பெட்டிக்குள் ஒரு சீட்டும் இருக்கும். படம் எடுக்கும்போது அந்த மூலை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.