ஒரு கணினி, இரண்டு குடித்தனம்

கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸில்தான் நடக்கிறது. அதற்கான இயங்குதளத்தைத் தயாரித்துத் தரும் ‘கைட்’ நிறுவனம் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்திலிருந்து எட்டிவிடும் தொலைவில், பூஜப்புரையில்தான் இருக்கிறது. பிள்ளைக்கு லினக்ஸ் வேண்டும், அப்பாவுக்கோ விண்டோஸ் இல்லாமல் ஆகாது. ஆகவே ஸ்ரீவராகத்து வீட்டு மடிக்கணினி ஒன்றில் இரண்டு குடித்தனம் இருந்தால் வியப்பில்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டில் ஒன்று தன்னையே வீட்டுக்காரராக நினைத்துக்கொள்கிறது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் பக்கத்துப் போர்ஷனின் பூட்டையே மாற்றிவிட்டது. லினக்ஸைத் திறக்கப் போன பலருக்கு ‘பாதுகாப்புக் கொள்கை மீறல்’ என்ற குற்றப்பத்திரிகை திரையில் வந்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் முன்பே எழுதிவைத்திருந்ததுதான் இதில் நயம்.

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் ‘கிரப்’ பூட்லோடரில், இந்த அப்டேட் அடைக்க வந்த ஓட்டை இருந்தது உண்மை. அது 2022-லேயே தெரிந்துவிட்டதும் உண்மை. பழைய லினக்ஸை வைத்துக்கொண்டிருந்தவர்களின் பிழை என்றும் தள்ளிவிட முடியாது, உபுண்டு 24.04-உம் மாட்டிக்கொண்டதே! பரிகாரமோ இன்னும் அழகு: நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் ‘செக்யூர் பூட்’ காவலை அணை, லினக்ஸுக்குள் போய் அப்டேட் போட்டுவைத்த கொள்கையை அழி, மறுபடி செக்யூர் பூட்டைப் போடு. அதாவது, பாதுகாக்க வந்ததிடமிருந்து தப்பிக்கப் பாதுகாப்பை அணைக்க வேண்டும். முறையான தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. அடுத்த அப்டேட்டுக்குச் சம்மதம் சொல்லுமுன் விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.