பெருவேட்டைத் துப்பாக்கியை ஆயத்தம் செய்தல்: ஒரு சிற்றாய்வு

யானை, காட்டெருமை, காண்டாமிருகம், சிங்கம் முதலியவற்றைச் சுடுவதற்கென்றே செய்யப்படும் கனத்த துப்பாக்கியைப் பெருவேட்டைத் துப்பாக்கி என்பர். பணம் கொடுத்து இதை வாங்கிவிட்டால் மறுநாளே ஆப்பிரிக்காவுக்குப் புறப்படலாம் என்று வேட்டையறியாதவர் நினைப்பது இயல்பு. இத்துறையில் ஊறியவர்களோ, கடையிலிருந்து வந்தது இன்னும் துப்பாக்கியாகவில்லை என்றும், அதன் கட்டையைச் செதுக்கி, விசையை இளக்கி, குறியை மாற்றி, குழலை ஓயாமல் துடைத்து, பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களைக் காகிதத்தின்மீது செலவிட்ட பின்னரே அது அப்பெயருக்கு உரியதாகும் என்றும் உறுதியாக நம்புகின்றனர். ஆயத்தம் பல மாதங்கள் நீள, வேட்டையோ பெரும்பாலும் இரண்டொரு வாரங்களில் முடிந்துவிடுவதைக் காணும்போது, இதில் யானை ஒரு சாக்குத்தானோ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தைப் போக்கும் சான்று எதுவும் இத்துறையின் நூல்களில் கிடைக்கவில்லை.

இவ்வாராய்ச்சிக்குத் தியடோர் ரூஸ்வெல்ட்டைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் பதவியை 1909 மார்ச் 4 அன்று விட்டிறங்கிய அவர், அதே மாதம் 23ஆம் நாள் தம் மகன் கெர்மிட்டுடன் கப்பலேறி, ஏப்ரல் 21 அன்று மொம்பாசாவில் கரையிறங்கினார். பதவிக்கும் கப்பலுக்கும் இடையில் மூன்று வாரமே இருந்ததிலிருந்து, ஆயத்தம் முழுவதும் எங்கே, எப்போது, யாருடைய அலுவல் நேரத்தில் நடந்திருக்க வேண்டும் என்பதை வாசகர் எளிதில் கணக்கிடலாம். வெள்ளை மாளிகையின் கடைசி ஆண்டில் அங்கிருந்து சென்ற கடிதங்களில் ஒரு பகுதி, கட்டையின் நீளத்தையும் குறியின் அமைப்பையும் பற்றியது. வின்செஸ்டர் நிறுவனம் அனுப்பிய துப்பாக்கிகள் தாம் கேட்டபடி அமையவில்லை என்று அவர் கடுமையாகவே எழுதினார். ஒரு நாட்டின் தலைவர் தம் துப்பாக்கியின் பின்குறியைப் பற்றிக் கோபப்படுகிறார் என்ற செய்தி அத்தொழிற்சாலையின் பட்டறையில் எத்தகைய அமைதியை உண்டாக்கியிருக்கும் என்பதை வரலாறு பதிவு செய்யவில்லை.

அவர் கோபத்துக்குத் தக்க காரணம் உண்டு. கட்டை என்பது குழலைத் தாங்கித் தோளில் பொருந்தும் மரப்பகுதி. விசையிலிருந்து அதன் பின்முனை வரையுள்ள நீளம், ஆளின் கைக்கும் கழுத்துக்கும் ஏற்ப அமைய வேண்டும். நீளம் மிகுந்தால் துப்பாக்கியைத் தூக்கும்போது பின்முனை சட்டையின் அக்குளில் சிக்கிக்கொள்ளும். குறைந்தாலோ, சுட்டவரின் கட்டைவிரல் அவருடைய மூக்கையே குத்தும். சிங்கம் பாய்ந்து வரும் நேரத்தில் இவ்விரண்டுமே விரும்பத்தக்கன அல்ல. குறியின் சிக்கல் இதைவிட நுட்பமானது. குழலின் முனையில் ஒரு சிறு மணியும், பின்னால் ஒரு பள்ளமும் இருக்க, பள்ளத்தின் நடுவே மணியையும், மணியின்மேல் விலங்கையும் நிறுத்துவதே குறிபார்த்தல். அதாவது கைக்கெட்டும் தொலைவு, குழலின் நீளத் தொலைவு, விலங்கு நிற்கும் தொலைவு ஆகிய மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும். மனிதக் கண்ணுக்கு இது இயலாத செயல். ரூஸ்வெல்ட்டோ பிறவியிலேயே கிட்டப்பார்வையர். போதாக்குறைக்கு, வெள்ளை மாளிகையில் பொழுதுபோக்காக ஆடிய குத்துச்சண்டையில் அடிபட்டு இடக்கண்ணின் பார்வையும் கெட்டுவிட்டது. தாம் சிறந்த குறிகாரர் அல்லர் என்று தம் தன்வரலாற்றில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். எஞ்சிய ஒரு கண்ணுக்காக உலகின் மிகச் சிறந்த குறிகளைத் தேடிய அம்முயற்சியில் ஒரு நேர்மை இருப்பதை மறுக்க முடியாது.

அவர் கொண்டுசென்ற மூன்று துப்பாக்கிகளுள் முதலாவது, அமெரிக்கப் படையின் ஸ்பிரிங்ஃபீல்டு. படைவீரனுக்கான கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தமக்கேற்ற கட்டையும் குறியும் பொருத்திக்கொண்டது. இரண்டாவது .405 வின்செஸ்டர், விசைக்காப்பாகவும் பயன்படும் நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும் வகையைச் சேர்ந்தது. சிங்கத்துக்கு இதுவே கைகண்ட மருந்து என்பது அவர் முடிவு. இதே .405 வின்செஸ்டர்தான் பின்னாளில் பெங்களூருக் கென்னத் ஆண்டர்சனின் கையிலும் இருந்தது. ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்த அவர், ஆயத்தத்தைப் பற்றி எழுதியதைவிட மரத்தின்மேல் கொசுக்கடியில் விழித்திருந்ததைப் பற்றியே மிகுதியாக எழுதினார். ஆண்டர்சனின் நூல்களைத் தமிழ்நாட்டு வாசகர் இன்றும் விரும்பிப் படிப்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

மூன்றாவதே ஆராய்ச்சிக்குரிய அருமைப் பொருள்: லண்டனின் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் செய்த .500/.450 இரட்டைக்குழல் துப்பாக்கி. எட்வர்டு நார்த் பக்ஸ்டன் முதலான ஆங்கிலேய நண்பர்கள் சேர்ந்து இதை ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசளித்தனர். தேசியப் பூங்காக்கள், காப்புக்காடுகள் ஆகியவற்றின் வழியாக உயிரினங்களைப் பாதுகாத்தமைக்கு நன்றியாக இது வழங்கப்படுகிறது என்ற பொருள்பட அதில் வாசகமும் பொறித்தனர். உயிரினப் பாதுகாப்புக்கு நன்றிக்கடனாக யானைத் துப்பாக்கி அளித்த செயலில் முரண் இருப்பதாக அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓராண்டுக்குள் தந்தையும் மகனும் சேர்ந்து 512 விலங்குகளைச் சுட்டனர். அவற்றுள் பெரும்பகுதி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது என்பதும், தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு உடன் சென்றது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை. ரூஸ்வெல்ட் உண்மையிலேயே காடுகளைக் காத்தவர். இரண்டும் ஒரே மனிதரிடம் ஒத்துப்போனதை இக்காலத்தவர் புரிந்துகொள்ளச் சற்றுச் சிரமப்பட்டே ஆக வேண்டும்.

இரட்டைக்குழல் துப்பாக்கியை ஆயத்தம் செய்யும் முறை தனியே விளக்கத் தக்கது. இரண்டு குழல்களையும் இணையாக வைத்துப் பற்றவைத்தால் இரண்டு குண்டுகளும் ஒரே இடத்தில் படும் என்று வடிவியல் படித்தவர் கூறுவர். ஆனால் வெடிக்கும் கணத்தில் வலக்குழல் துப்பாக்கியை வலப்புறமாகவும், இடக்குழல் இடப்புறமாகவும் உதைத்துத் திருப்புவதால், குண்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகிப்போகும். ஆகவே குழல்கள் முனையில் சற்றே நெருங்கியிருக்கும்படி அமைத்து, இடையில் ஒரு மெல்லிய ஆப்பைச் செருகி, ஈயப்பற்று வைத்து, தொழிலாளி வெளியே சென்று இரண்டு குழல்களையும் சுட்டுப் பார்ப்பார். துளைகள் விலகியிருந்தால் பட்டறைக்குத் திரும்பி, பற்றை உருக்கி, ஆப்பை மயிரிழை நகர்த்தி, மீண்டும் பற்றுவைத்து, மீண்டும் சுடுவார். இரண்டு துளைகளும் அருகருகே விழும் வரை இது தொடரும்; இதில் சூத்திரம் எதுவும் இல்லை, பொறுமை ஒன்றே கருவி. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற இணக்கமும் குறிப்பிட்ட ஒரு குண்டுக்கும் குறிப்பிட்ட அளவு வெடிமருந்துக்கும் மட்டுமே செல்லும். தோட்டாவை மாற்றினால் குழல்களின் ஒற்றுமை குலைந்துவிடும்.

வெடிமருந்தும் தன் பங்குக்குத் தொல்லை கொடுத்தது. அக்காலத்து ஆங்கிலத் தோட்டாக்களில் கார்டைட் என்னும் மருந்து, சேமியாவைப் போன்ற இழைகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். லண்டனின் குளிரில் ஒழுங்காக எரியும் இப்பொருள், வெப்பநாட்டு வெயிலில் சூடேறினால் அளவுக்கு மீறிய அழுத்தத்தை உண்டாக்கும். அதனால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பிக் குழலுக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கும். இரண்டாவது முறை சுட வேண்டிய அவசரம் எப்போது ஏற்படும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். ஆகவே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்கள் செய்தனர். அந்நாட்களில் ஆங்கிலேயத் தொழிலகங்கள் வெப்பநாட்டின் தட்பவெப்பத்தை மதித்துச் செய்த பொருள்கள் மிகச் சில. தோட்டா அவற்றுள் ஒன்று.

துப்பாக்கி ஆயத்தமான பிறகு ஆளை ஆயத்தம் செய்ய வேண்டும். இங்கேதான் இத்துறை தடுமாறுகிறது. யானைக்கான துப்பாக்கியின் பின்னுதைப்பு, அதாவது குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தோளை இடிக்கும் ஆற்றல், மான் வேட்டைத் துப்பாக்கியினதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. முதல் குண்டை மகிழ்ச்சியோடு சுடும் வேட்டைக்காரர், இரண்டாவதைச் சிந்தித்துச் சுடுகிறார். ஐந்தாவதைச் சுடுமுன் தொப்பியைச் சரிசெய்கிறார், தொண்டையைச் செருமுகிறார், காற்றின் திசையைப் பற்றிப் பேசுகிறார். இந்நிலையில் அருகிலிருப்பவர், தோட்டா இடுவதுபோல் பாவனை செய்து வெற்றுக் கூட்டை இட்டுக் கொடுப்பது பயிற்சிக்களத்து வழக்கம். விசை இழுபடுகிறது, வெடி இல்லை, ஆயினும் குழல்முனை ஒரு சாண் தாழ்கிறது, இரண்டு கண்களும் இறுக மூடுகின்றன, தோள் காதுவரை ஏறுகிறது. வெடிக்கும் முன்பே உடல் அஞ்சிச் சுருங்கும் இக்குற்றம் கட்டையைச் செதுக்குவதால் தீருவதில்லை. ரூஸ்வெல்ட்டின் பயணத்துக்கு ஆலோசனை கூறிய பிரெடரிக் செலூஸ், இளமையில் பெருங்குழல் துப்பாக்கிகளால் யானை வேட்டையாடியவர்; அவற்றின் உதைப்பு தம் நரம்புகளைக் கெடுத்துவிட்டதாகப் பிற்காலத்தில் வருந்தினார். ஸ்கோப் எனப்படும் தொலைநோக்கிக் குறியைக் கண்ணுக்கு மிக அருகில் பொருத்திக்கொள்ளும் இக்கால வேட்டைக்காரருக்கோ, புருவத்துக்குமேல் பிறைவடிவத் தழும்பு ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது. அதை வைத்தே ஒருவர் புதியவரா பழையவரா என்று முகாமில் உள்ளவர்கள் தெரிந்துகொள்கின்றனர்.

இத்தனை ஆயத்தமும் சோதனைக்குள்ளான தருணம் கென்யா மலையின் சாரலில் வாய்த்தது. அடர்ந்த காட்டில் ஹாலந்தின் இரண்டு குழல்களையும் சுட்டு ரூஸ்வெல்ட் தம் முதல் ஆண்யானையை வீழ்த்தினார். குறி பிசகவில்லை, ஆப்பு நகரவில்லை, கூடுகள் சிக்கவில்லை. ஆனால் அடுத்த நொடியே இடப்புறப் புதர் பிளந்து இரண்டாவது யானை ஒன்று, தும்பிக்கையை நீட்டினால் தொட்டுவிடும் தொலைவில் பாய்ந்து வந்தது. லண்டனின் தலைசிறந்த தொழிலாளர் நாள்கணக்கில் இழைத்த துப்பாக்கி அப்போது முற்றிலும் காலியாக இருந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஒரு மரத்தின்பின் தாவி ஒதுங்கி, கூடுகளை வெளியே தள்ளிப் புதுத் தோட்டாக்களைத் திணித்துக்கொண்டிருக்க, வழிகாட்டியாக வந்த கன்னிங்ஹாம் சுட்ட குண்டுகளால் யானை திரும்பிக் காட்டுக்குள் மறைந்தது. இரட்டைக்குழலில் இரண்டு தோட்டாக்கள்தாம் இருக்கும் என்பது கடிதப் போக்குவரத்தில் எழாத பிரச்சினை.

இதற்கு நேர்மாறான வழியும் ஒன்று இருந்தது. அதே காலத்தில் கரமோஜோ பெல் என்று பெயர்பெற்ற ஸ்காட்லாந்துக்காரர், மான் வேட்டைக்குரிய 7 மில்லிமீட்டர்த் துப்பாக்கியையே பெரும்பாலும் பயன்படுத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். எண்ணிக்கை பெருமைக்குரியதன்று, முறை கவனத்துக்குரியது. அவர் துப்பாக்கியைக் குடைவதற்குப் பதிலாக, இறந்த யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கிருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். அவர் வழி பின்பற்றப்படவில்லை. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 அளவுக்குக் குறைந்த துப்பாக்கி சட்டப்படி கூடாது. துப்பாக்கிக் கடைக்காரர்களும் இச்சட்டத்தைக் குறை கூறுவதில்லை.

இக்காலத்து அமெரிக்க வேட்டைக்காரருக்குக் கடைசி ஆயத்தம் ஒன்று உண்டு. அது ரூஸ்வெல்ட் அறியாதது. வெளிநாட்டுக்குக் கைக்கடிகாரமோ கேமராவோ கொண்டுசென்று திரும்புவோர், அது புறப்படும்போதே தம்மிடம் இருந்தது என்று காட்டுவதற்கு, 4457 என்ற எண்ணுள்ள சுங்கப் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம். சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு உரிமம் எதுவும் வழங்குவதில்லை. தென்னாப்பிரிக்கக் காவல்துறையோ உரிமைச் சான்று ஒன்றைக் கேட்கிறது. ஆகவே கடிகாரத்துக்கென அச்சிட்ட அந்தப் படிவமே யானைத் துப்பாக்கியின் உரிமச் சான்றாக மாறிவிட்டது. அதன் மூலையில் சிறிய எழுத்தில், படிவத்தின் அச்சு வடிவம் எதுவரை செல்லும் என்று ஒரு தேதி இருக்கும். அது துப்பாக்கியின் காலக்கெடு அன்று. ஆயினும் அத்தேதி கடந்த படிவங்களைக் காவல்துறையினர் ஏற்க மறுத்ததும் உண்டு. குண்டின் எடையைக் கிரெயின் கணக்கிலும், விசையின் இழுப்பை அவுன்ஸ் கணக்கிலும், விமானத்தில் தோட்டாவுக்குரிய 5 கிலோ வரம்பைக் கிராம் பிசகாமலும் சொல்லவல்ல வேட்டைக்காரர் பலர் அந்த மூலையைப் பார்த்ததே இல்லை. புதிய படிவம் பெற வேண்டுமானால் புறப்படுமுன் துப்பாக்கியையே சுங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மெருகேறிய கட்டையையோ குறியின் நேர்த்தியையோ அதிகாரி விசாரிப்பதில்லை. குழலின்மேலுள்ள வரிசை எண்ணைப் படிவத்தோடு ஒப்பிட்டு முத்திரை குத்திவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.