செம்பின் வாயும் அடியும்

எங்கள் காலத்தில் படம் வரையக் கற்பது என்றால் 'லோயர், ஹையர்' எழுதுவதுதான். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று தாள்கள் இருந்தன. அவற்றில் பாஸ் செய்து டிடிசி என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்தால் டிராயிங் மாஸ்டர் வேலைக்கு முயலலாம். கொஞ்சம் துணிந்தவர்களுக்குச் சென்னையில் 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி இருந்தது. ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. 1961லேயே வந்துவிட்டது என்றாலும், டிசைன் என்று தனியாக ஒரு படிப்பு உண்டு என எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை.

இன்று என் தங்கை மகள் பிளஸ் டூ பாடங்களுக்கு நடுவே யூசீட், நிஃப்ட், என்.ஐ.டி. என்று டிசைன் நுழைவுத் தேர்வுகள் மூன்றுக்கும் தயாராகிறாள். வீட்டில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. இதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

ஆனால் அவளுடைய கோச்சிங் நோட்டைப் பார்த்தபோது மனசு கனத்தது. ரயில்வே பிளாட்ஃபாரம், காய்கறிச் சந்தை, பட்டம் விடும் சிறுவர்கள் என எல்லாமே அச்சில் வந்த படத்தைப் பார்த்துப் போட்டவை. நின்றால் இந்தக் கோடு, நடந்தால் அந்தக் கோடு என்று மனித உருவங்களைக்கூட வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். அதே சந்தையை மாடியிலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொன்னால் அந்த மனப்பாடம் எதற்கு ஆகும்?

எங்கள் டிராயிங் மாஸ்டர் ஸ்டூலில் ஒரு பித்தளைச் செம்பை வைப்பார். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி உயரத்தையும் அகலத்தையும் அளக்கவேண்டும். முதலில் நடுக்கோடு, பிறகு வாய்க்கு ஒரு நீள்வட்டம். அதன் இரு ஓரங்களும் கூராக முடியாமல் வளைந்து திரும்பவேண்டும். அடிப்பாகத்தைத் தட்டையாக முடித்தால் விடமாட்டார். கண் மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க வட்டம் விரிந்து தெரியும். ஆகவே வாயைவிட அடி இன்னும் வளைந்திருக்கும். இதைச் சொல்லித் தரமாட்டார், "பாரு, பாரு" என்பார். வரைவதற்கு அடிப்படை கை அல்ல, கண் என்று நான் நம்புவது அவரால்தான்.

இதே மாதிரிச் செம்பைப் பார்த்து வியந்தவர்கள்தான் அமெரிக்க டிசைனர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும். அது எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், சாய்த்தால் எப்படி ஊற்றும் என்றெல்லாம் 1958இல் அவர்கள் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கையில் கேட்டிருந்தார்கள். அந்த அறிக்கையை ஒட்டி உருவானதுதான் என்.ஐ.டி.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் முன்னால் ஒரு செம்பை வைத்தேன். "இது சிலபஸ்ல இல்லையே மாமா" என்றாள். வரைய ஆரம்பித்தவள் கொஞ்ச நேரத்தில், "அடி இன்னும் வளைவா இருக்கு மாமா!" என்றாள். நான் எதுவும் சொல்லித் தரவில்லை.

இன்று நல்ல தாள் கிடைக்கிறது, பர்ஸ்பெக்டிவ் பாடம் காசில்லாமல் வீடியோவில் கிடைக்கிறது. யூசீடின் ஒரு பகுதி கம்ப்யூட்டரில் நடந்தாலும், தாளில் கையால் வரையும் கேள்வி இன்னும் இருக்கிறது. பிள்ளைகளைக் கோச்சிங்கில் சேர்க்கும் பெற்றோர் ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: பொருளை எதிரே வைத்து வரைய விடுவார்களா? இல்லை என்றால் வேறு வகுப்பு பாருங்கள்.